உங்கள் ஊரைக் கணக்கெடுப்பது எப்படி: ஸ்லேட்டர் கிராமங்களின் வழியில்

விழுப்புரம் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் பாடம் எடுக்கிறேன். கோடை விடுமுறை வருமுன் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது வழக்கம்: ஊருக்குப் போய் உங்கள் ஊரைக் கணக்கெடுத்து எழுதிக்கொண்டு வாருங்கள். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன், யார் யார் வெளியூரில் வேலை செய்கிறார்கள். இதை எப்படிச் செய்வது என்று வகுப்பில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமல்ல, சொந்த ஊரைப் பற்றி உண்மையாகத் தெரிந்துகொள்ள நினைக்கும் யாருக்கும் இது உதவும்.

யோசனை என்னுடையது அல்ல. 1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ துறையின் முதல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு, சிறு குடியானவர்கள் நிலமிழந்த கதையை ஆராய்ந்து நூல் எழுதியவர். சென்னைக்கு வந்ததும் அவர் பார்த்தது என்னவென்றால், இந்தியப் பொருளாதாரம் என்று பேசுகிறோமே, அதில் பெரும்பகுதி கிராமம். ஆனால் ஒரு கிராமத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் கணக்கு கையில் இல்லை. அதனால் 1916-இல் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் தங்கள் ஊரை எழுதிவரச் சொன்னார். அந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார்.

அதில் இன்றைய தமிழ்நாட்டைச் சேர்ந்த 5 ஊர்கள் உண்டு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, காஞ்சிபுரத்தை ஒட்டி மாமண்டூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் தூசி, கீழத்தஞ்சையில் பாலக்குறிச்சி, சிவகாசிப் பக்கம் வடமலாபுரம், திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான். ஆற்றுப் பாசனம், ஏரிப் பாசனம், வானம் பார்த்த பூமி என்று ஒன்றுக்கொன்று வேறான ஊர்கள். ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் இவற்றை ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே சொல்கிறார்கள்.

அந்த நூலோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு தூரம் பேசியிருக்க மாட்டேன். ஸ்லேட்டருக்குப் பின் அதே துறைக்குப் பேராசிரியராக வந்த பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1936-37-இல் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆள் அனுப்பினார். உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை சரிந்து, கடன் கழுத்தை நெரித்த காலம் அது. அந்த மறுகணக்கெடுப்பை 1940-இல் சென்னைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன், வி.பி. ஆத்ரேயா போன்றவர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்குக் குகனோடு மானிடவியலாளர் ஜோன் மெஞ்சரும் சேர்ந்துகொண்டார். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அதே இருவேல்பட்டை ஆராய்ந்தார்கள். அடுத்துக் கங்கைகொண்டானைப் பற்றி 2012-இல் எழுதினார்கள்.

ஒரே ஊரை ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் பார்த்த கணக்கு உலகத்தில் அபூர்வம். அது நம்மிடம் இருக்கிறது. அதைச் சாத்தியமாக்கியது பெரிய பணமோ பெரிய கணினியோ அல்ல. 1916-இல் எழுதியவர்கள், பின்னால் வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதிவைத்தார்கள். நான் மாணவர்களிடம் கேட்பதும் இதுதான்: 20 வருஷம் கழித்து உங்களைத் தெரியாத ஒருவர் அதே ஊருக்கு வந்து, உங்கள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதே கேள்வியை அதே மாதிரி கேட்க முடியவேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இதற்காகத்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஊருக்குப் போகாதீர்கள், படியுங்கள். ஸ்லேட்டரின் நூல் இணையத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கிறது. உங்கள் ஊருக்கு மிக அருகில், அல்லது அதே மாதிரிப் பாசனம் உள்ள ஊரின் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். அப்புறம் 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பி.கே. நம்பியார் மேற்பார்வையில் சென்னை மாநிலத்தின் பல கிராமங்களுக்குத் தனித்தனியாக ஆய்வு நூல்கள் வெளியாயின. வீட்டு அமைப்பு, தொழில், கடன், திருவிழா எல்லாம் அவற்றில் இருக்கும். உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ அந்தப் பட்டியலில் இருந்தால் அதிர்ஷ்டம். புதிதாகத் தொடங்குவதை விட்டுவிட்டு அந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கு ஒன்று இருக்கும் ஊரில் நீங்கள் எடுக்கும் கணக்குக்கு இரட்டை மதிப்பு. எதுவுமே கிடைக்காவிட்டாலும் மாவட்ட மக்கள்தொகைக் கையேட்டில் ஊர்வாரியாக மக்கள்தொகை, எழுத்தறிவு, தொழில் பிரிவு ஆகியவை கிடைத்துவிடும்.

அடுத்து, ‘ஊர்’ எது என்று முடிவு செய்யுங்கள். இது கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வருவாய் கிராமம் ஒன்று, ஊராட்சி வேறொன்று, மக்கள் வாயில் ஊர் என்பது மூன்றாவது ஒன்று. ஒரு வருவாய் கிராமத்துக்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கலாம். ஒரு ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமங்கள் இருக்கலாம். நிலக் கணக்கு வருவாய் கிராமத்தின்படி இருக்கும். நூறு நாள் வேலைக் கணக்கு ஊராட்சியின்படி இருக்கும். எதை எடுத்தாலும் சரி, எதை எடுத்தோம் என்று முதல் பக்கத்திலேயே எழுதி, எல்லையைப் படமாக வரைந்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் மக்கள்தொகை கூடியதா, எல்லை மாறியதா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போய்விடும்.

அதன் பிறகு தெருத் தெருவாக நடந்து வீட்டுப் பட்டியல் எடுக்கவேண்டும். ஒரு பெரிய தாள், ஒரு பென்சில். கோயில், ஏரி மதகு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி இவற்றை முதலில் குறித்துக்கொண்டு, வீடுகளுக்கு நீங்களே எண் போடுங்கள். பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு. பூட்டிய வீடுகளை விட்டுவிடுகிறவர்கள் இந்த ஊரின் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். ஊரில் 200, 250 வீடுதான் என்றால் எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள். அதற்கு மேல் என்றால் பட்டியலில் ஒவ்வொரு நாலாவது அல்லது ஐந்தாவது வீட்டை எடுங்கள். தெரிந்தவர் வீடு, திண்ணை உள்ள வீடு, நாய் இல்லாத வீடு என்று தேர்ந்தெடுக்கக் கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். எந்த வீட்டிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பது கணக்கையே மாற்றிவிடும். ஊர்த்தெருவில் பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, மறுநாள் காலனிக்குப் போனால் அங்கே வாய் திறக்க மாட்டார்கள். நீங்கள் யார் பக்கத்து ஆள் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார்கள். 1916-இல் கல்லூரி வரை போய்ப் படிக்க முடிந்தவர்கள் எந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறிக்கைகளைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்தே படிக்கிறேன். நிலம் வைத்திருந்தவருக்குத் தெரிந்த கூலியும் கூலி வாங்கியவருக்குத் தெரிந்த கூலியும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியதில்லை. அதனால் என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி, முதல் நாள் காலனியில் தொடங்கவேண்டும் என்பது. இரண்டு பேராகப் போகவேண்டும்; முடிந்தால் ஒருவர் பெண். ஆண்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பெண்கள் சொல்லும் கடன் கணக்கு, ஆண்கள் இருக்கும்போது வருவதில்லை.

நேரமும் முக்கியம். பகலில் போனால் வயசானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மாலை 6 மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை போங்கள். நடவு, அறுப்பு நடக்கும் வாரங்களில் வீட்டுக்குப் போய்த் தொந்தரவு செய்யாமல், வயலுக்குப் போய் வேலையைப் பாருங்கள்.

கதவைத் தட்டியதும் முதலில் வரும் கேள்வி, “எதுக்கும்மா எழுதுற, லோன் வருமா?” அல்லது “உரிமைத் தொகை எனக்கு வரல, அதுக்கா?” என்பதாக இருக்கும். தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எந்தத் திட்டமும் வராது, யாருடைய பெயரும் எந்த ஆபீசுக்கும் போகாது, படிப்புக்காக எழுதுகிறேன், சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்லவேண்டாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இவற்றைக் கேட்கவே கூடாது. ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பேசுகிறவர் நிலத்தைக் குறைத்தும் கடனைக் கூட்டியும் சொல்வார். அதைவிட, ஏழைகளிடம் பொய் நம்பிக்கை கொடுத்து வாங்கும் விவரம் எனக்கு வேண்டாம்.

குடும்பம் என்பதையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டை வைத்து எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். மகனுக்குக் கல்யாணமானதும் தனிக் கார்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் சமையல் ஒன்றாக இருக்கும். நான் சொல்லித்தருவது பழைய வழி: ஒரே உலையில் சோறு வடித்தால் ஒரே குடும்பம். வெளியூரில் இருப்பவர் 6 மாதத்துக்கு மேல் ஊரில் இல்லையென்றால் அவரைக் குடும்பத்தில் சேர்க்காமல், ‘வெளியில் இருப்பவர்’ என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள். எந்த ஊர், என்ன வேலை, மாதம் எவ்வளவு அனுப்புகிறார், போவதற்கு யார் வழிகாட்டினார்கள். இந்தத் தனிப் பக்கம் 1916-இல் சிறியதாக இருந்திருக்கும். இன்று அதுதான் பெரிய பக்கம். கங்கைகொண்டானைப் பற்றிய 2012 கட்டுரையின் தலைப்பிலேயே அதை ‘கிராமத்து நகர்த்தன்மை’ என்ற பொருளில் குறிப்பிட்டார்கள். வயல்களின் நடுவே மக்கள் வாழ்ந்தாலும் வருமானத்தில் பெரும்பகுதி வயலிலிருந்து வருவதில்லை. இன்று அந்த ஊரில் சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது.

இனி நிலம். மொத்த வேலையில் பாதி இதுதான், பிழை நுழைவதும் இங்கேதான் அதிகம்.

ஆவணத்தையும் வாய்மொழியையும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒத்துப்பாருங்கள். பட்டா, சிட்டா, ஒவ்வொரு புல எண்ணுக்கும் நில விவரம் சொல்லும் அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை இன்று அரசின் இ-சேவை தளத்திலேயே கிடைக்கும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலுக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் போகவேண்டும். மரியாதையாகக் கல்லூரிக் கடிதத்தோடு போனால் பெரும்பாலும் பார்க்க விடுவார்கள். அடங்கலில் ஆண்டு பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டில் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1326 என்றால் 1916 ஜூலை முதல் 1917 ஜூன் வரை. பழைய புல எண்ணை (சர்வே நம்பரை) தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1979-இல் தொடங்கி 80-களில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு எண்கள் ஏராளமாக மாறிவிட்டன. தாத்தா வைத்திருக்கும் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணும் வேறாக இருக்கலாம். 1980-இல் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அந்தக் கைமாற்றத்தில் பல ஊர்களின் பழைய கணக்குகள் பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. ஊரில் அப்படி ஒரு வீடு இருந்தால் போய்ப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். என் மாணவர் ஒருவருக்கு அப்படித்தான் கரையான் அரித்த ஒரு பழைய பதிவேடு பார்க்கக் கிடைத்தது.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது, யார் உழுகிறார்கள் என்பதைச் சொல்லாது. இறந்துபோன தாத்தா பெயரில் பட்டா இருக்கும். மூன்று பங்காளிகள் பிரித்து உழுவார்கள். அதில் ஒருவர் சென்னையில் இருப்பார், அவர் பங்கு குத்தகைக்குப் போயிருக்கும். இன்னொருவர் மகள் கல்யாணத்துக்குப் பணம் வாங்கி நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டிருப்பார். அதனால் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நாலு கேள்வி: பட்டா யார் பெயர், அனுபவிப்பது யார், குத்தகையா, வாரமா (விளைச்சலில் பங்கு), போக்கியமா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. தண்ணீரை விட்டுவிடாதீர்கள். ஏரிப் பாசனம் என்று அ-பதிவேட்டில் இருக்கும் நிலத்துக்கு 30 வருஷமாக ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பாய்ந்துகொண்டிருக்கும்.

அளவைகளில் மிகமிகக் கவனம் தேவை. எங்கள் பக்கம் 100 குழி ஒரு காணி. காணி என்றால் 1 ஏக்கர் 32 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா; மா என்றால் ஏறத்தாழ 33 சென்ட், 20 மா ஒரு வேலி. இரண்டு இடத்திலும் வாயில் வருவது ‘குழி’தான். ஆனால் எங்கள் குழி 24 அடிக்கு 24 அடி, அவர்கள் குழி 12 அடிக்கு 12 அடி. நாலு மடங்கு வித்தியாசம். தெற்கே சில ஊர்களில் நிலத்தை விதைப்பாட்டில் சொல்வார்கள், எத்தனை மரக்கால் விதை விதைக்கும் நிலம் என்று. அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் சென்ட்டில் மாற்றி எழுதுங்கள். எந்தக் கணக்கில் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். மாற்றியதை மட்டும் எழுதிவைத்தால், மாற்றியது தவறாக இருந்தால் திருத்த வழியே இல்லை. மூட்டைக்கும் இதே கதைதான். வியாபாரி எடுக்கும் மூட்டை 75 கிலோவாக இருக்கும், கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. “ஏக்கருக்கு 30 மூட்டை” என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கூலியைக் கேட்கும்போது இன்னும் நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒரு முறை என் மாணவி ஒருத்தியோடு அவள் ஊருக்குப் போயிருந்தேன். அவள் ஒரு ஆயாவிடம், “அந்தக் காலத்துல நாத்து நட என்ன கூலி குடுத்தாங்க ஆயா?” என்று கேட்டு, “ரெண்டு படி நெல்லு” என்று வந்த பதிலை எழுதிக்கொண்டாள். “அந்தப் படி வீட்டுல இருக்குதாம்மா?” என்று நான் கேட்டேன். ஆயா உள்ளே போய்ப் பானை அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு இரும்புப் படியை எடுத்து வந்தார். அடிப்பக்கம் துருப்பிடித்து, விளிம்பு மட்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. பக்கத்து வீட்டில் விதைநெல் வாங்கி அதில் அளந்தோம். ஆயா விளிம்போடு உள்ளங்கையால் வழித்துவிட்டார். “கூலி குடுக்குறப்ப இப்படித்தான் தலை தட்டி அளப்பாங்க கண்ணு.” அப்புறம் மறுபடி அள்ளி, சரிந்து விழும்வரை கூம்பாகக் குவித்தார். “நாம வாங்குன நெல்லுக்கடனத் திருப்பிக் குடுத்தா இப்படிக் கோபுரமா அளந்துக்குவாங்க.” இரண்டையும் தனித்தனிப் பையில் கொட்டி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்தோம். முள் இரண்டு இடத்தில் நின்றது. அந்த இடைவெளியில் இருக்கிறது அந்தக் காலத்து வட்டி. எந்தப் பத்திரத்திலும் எழுதாத வட்டி.

அதனால் அளவைப் பாத்திரம் கிடைத்தால் நெல்லை அளந்து எடை போடுங்கள். தலைதட்டியும் குவித்தும், இரண்டும். பட்டணம் படி, சின்னப் படி என்று ஊருக்கு ஊர் வேறாக இருந்தவை இவை. பழைய அறிக்கையில் ‘படி’, ‘மரக்கால்’, ‘கலம்’ என்று வந்தால் அந்த நூலிலேயே அதற்கு எடையோ அளவோ கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இன்றைய படியைக் கொண்டு போய் அங்கே வைக்காதீர்கள்.

இன்றைய கூலியை வேலைவாரியாகக் கேளுங்கள்: நடவு, களை, உரம் போடுதல், வரப்பு வெட்டுதல், அறுப்பு, கரும்பு வெட்டுதல், கட்டட வேலை. ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, டீ சாப்பாடு உண்டா. நாள் கூலியா, ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி வருகிறார்களா. அறுப்பு மிஷின் வந்துவிட்ட ஊரில் மணிக்கு என்ன வாடகை, டயர் வண்டிக்கு எவ்வளவு, பெல்ட் வண்டிக்கு எவ்வளவு என்பதையும் எழுதவேண்டும். மிஷின் வந்ததால் போன வேலை யாருடையது என்று பெண்களிடம்தான் கேட்கவேண்டும். ‘உங்கள் வருமானம் எவ்வளவு’ என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். மாதச் சம்பளக்காரரைத் தவிர யாருக்கும் அதற்கு விடை தெரியாது. போன மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், எங்கே, என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் கணக்கு தானாக வந்துவிடும்.

1916-இல் வாங்கிய அணாவையும் இன்றைய ரூபாயையும் எப்படி ஒப்பிடுவது? எளிய வழி, ஒரு நாள் கூலியில் எத்தனை கிலோ அரிசி வாங்கலாம் என்று பார்ப்பது. ஆனால் நம் மாநிலத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து இலவசம். அதனால் வெளிக்கடை அரிசி விலையில் ஒரு கணக்கும், ரேஷன் அரிசி எத்தனை கிலோ வாங்குகிறார்கள் என்று தனிக் கணக்கும் எழுதுங்கள். விடியுமுன்னே பண்ணை வாசலில் போய் நிற்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்ற நிலை எப்போது மாறியது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரேஷன் கடையும் வெளியூர் வேலையும் சேர்ந்து நிலக்காரரின் பிடியைத் தளர்த்தியதை நான் போன எல்லா ஊரிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருவேல்பட்டில் ஒரு காலத்தில் பெரும்பகுதி நிலத்தையும் ஊரையும் கையில் வைத்திருந்த பெரிய நிலக்காரக் குடும்பத்தின் செல்வாக்கு எப்படிக் கரைந்தது என்பதுதான் 2008 ஆய்வின் மையமே. பாலக்குறிச்சி இருக்கும் கீழத்தஞ்சையிலோ அந்த மாற்றம் அமைதியாக வரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண் அது. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டம் அதன் பின்னால் இருந்தது. ஒரு படியின் அளவைச் சரியாக எழுதுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கடனைக் கடைசியில் கேளுங்கள், இரண்டாவது முறை போகும்போது. முகம் பழகியிருக்கவேண்டும். ‘கடன் இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும்: கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன், நகை அடகு, மகளிர் குழு லோன், மைக்ரோ பைனான்ஸ் வாரத் தவணை, தண்டல், சீட்டு எடுத்த பாக்கி, கைமாத்து, மளிகைக் கடை நிலுவை, மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம். வட்டியை அவர்கள் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள். ‘ரெண்டு வட்டி’ என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். ‘அஞ்சு வட்டி’ ஆண்டுக்கு 60. தண்டலில் பணம் கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அதனால் கைக்கு வந்தது எவ்வளவு, கட்டுவது எவ்வளவு, எத்தனை நாள் என்று மூன்றையும் கேளுங்கள். எதற்காக வாங்கினார்கள் என்பது முக்கியமான கேள்வி. ஆஸ்பத்திரி, கல்யாணம், காலேஜ் ஃபீஸ், போர் போட்டது. ஒருவர் கண் கலங்கினால் பேனாவை மூடிவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

சாதியைக் கேட்பதா வேண்டாமா என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். கேட்கவேண்டும். நிலம் யாரிடம் இருந்து யாரிடம் போனது என்பதைச் சாதியைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல முடியாது. ஸ்லேட்டர் கிராம ஆய்வுகள் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் வாசலில் நின்று உரக்கக் கேட்கக் கூடாது. தெருவை வைத்துப் பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் வீட்டுக்குள், தணிந்த குரலில், அரசுப் பிரிவாகக் கேளுங்கள்.

எழுதும்போது, உங்களுக்குக் கிடைத்த எண்களோடு நீங்கள் கேட்ட வினாப்பட்டியலையும் முழுதாகச் சேர்த்துவிடுங்கள். கணக்கெடுத்த மாதம், அந்த வருஷம் மழை எப்படி, எத்தனை வீடு மறுத்தது, எந்தத் தெருவுக்குப் போக முடியவில்லை, எல்லாம் வேண்டும். அட்டவணையில் பெயர்களுக்குப் பதிலாக வீட்டு எண் மட்டும் வரட்டும். பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் ஒரு தாளைத் தனியாக, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

தமிழில் எழுதுங்கள். இதில் எனக்கு மனத்தாங்கலே உண்டு. 1918 நூலிலிருந்து 2012 கட்டுரை வரை இந்த ஊர்களைப் பற்றி வந்த முக்கியமான ஆய்வுகளெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இருவேல்பட்டில் படித்த பிள்ளைகள்கூடத் தங்கள் ஊர் இத்தனை தலைமுறையாகக் கவனிக்கப்பட்டிருக்கிறது என்று அறியாமலே இருக்கக்கூடும். பொருளியல் துறைகள் வினாப்பட்டியலை மாணவர்கள் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பும் பழக்கத்தை மறுபடி பிடிக்கவேண்டும், கிடைத்ததை ஊர் மொழியில் வெளியிடவேண்டும். பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆராய்ச்சி தொடங்கியதே இப்படித்தான்.

முடித்ததும் நாலு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் கல்லூரித் துறைக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று உங்களுக்கு. ஊரில் ஒரு மாலை நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்திலோ ஏரிக்கரை ஆலமரத்தடியிலோ, காலனி, ஊர்த்தெரு இரண்டு பக்கத்தவரும் வரக்கூடிய இடமாகப் பார்த்து, முக்கியமான அட்டவணைகளை உரக்கப் படித்துக் காட்டுங்கள். “எங்க தெருவுல எல்லாருக்கும் பட்டா இருக்குன்னு எழுதியிருக்க, அது தப்பு” என்று யாராவது எழுந்து சொல்வார்கள். திருத்தத்தைச் சொன்னவரின் தெருவோடு, தேதி போட்டு, கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு பைண்டிங்குக்குக் கொடுங்கள்.